மேல் மூலைக் கல்

— கல்லு எங்காச்சும் வளருமுங்களா நங்கை? நட்டப்ப ஒரு சாண் வெளிய தெரிஞ்சுது. இப்ப ரெண்டு சாண் நிக்குது.

— அதுக்கு நான் என்ன பண்ணோணும் கொழுந்தனாரே?

— நீங்கதான் புடுங்கி நட்டிருக்கோணும். எங்காட்டு மேல் மூலைக் கல்லு எந்திரிச்சு நிக்குது. கீழ உங்க காட்டோரத்துக் கல்லையே காணோம். எங்கண்ணன் மேட்டூர் அணை வேலைக்குப் போன வருசம் சர்வேக்காரன் நட்ட கல்லுங்க அது.

— அந்த அண்ணன் ஊட்டுல இல்லாத நேரமாப் பாத்து, அவரு பொண்டாட்டிக்குத் திருட்டுப் பட்டமா? நல்லாருக்குது.

— மணியகாரருகிட்டச் சொல்லிப்போட்டேன். இப்ப வந்துருவாரு. எல்லைக்கல்லைத் தொட்டா போலீசுக் கச்சேரிதானுங்க.

— வரட்டும். அதுக்கு முந்தி, மேல் மூலைக் கல்லுக்குப் பக்கத்துல ஒரு வேல மரம் நிக்குதே, அதோட வேரு எப்படிக் கிடக்குது?

— வெளிய துருத்திக்கிட்டுத்தான். ஆடெல்லாம் ஏறி நிக்குது.

— எத்தனை உசரம்?

— இருக்கும்... ஒரு சாண்.

— மரத்தையும் நான்தான் தூக்கி நட்டேனுங்களா?

— கேலி பண்ணாதீங்க நங்கை.

— கேலியில்ல. கல்லும் எந்திரிக்கல, மரமும் எந்திரிக்கல. சுத்தியிருந்த மண்ணு ஒரு சாண் எறங்கிப்போச்சு. அங்க சோளம் எப்படி?

— முழங்காலைத் தாண்டலைங்க. கண்ணு பட்டுப்போச்சுன்னு புள்ளி வெச்ச சட்டி கட்டினேன். வண்டி வண்டியா எருவும் கொட்டினேன்.

— கீழ, எம்பட வரப்போரம்?

— அங்க ஆளை மறைக்குது.

— கடப்பாரையை எடுத்துக்கிட்டு வாங்க. கீழ்க் கல்லு இருந்த எடம் நெனப்பிருக்குதா?

— ஏன் இல்லாம? இந்த ஆவாரஞ்செடிக்கு நேரா.

— குத்துங்க. இன்னும் ஆழமா.

— மெத்துமெத்துனு எறங்குது... அட சாமி! டங்குன்னுச்சே!

— மண்ணைக் கையால தள்ளிப் பாருங்க.

— கல்லேதானுங்க! சர்வேக்காரன் வெட்டின அம்புக்குறி அப்படியே இருக்குது.

— நட்ட எடத்துலயேதான் இருக்குது. உங்க மேட்டு மண்ணும் எருவும் மழையில எறங்கி வந்து, எம்பட வரப்புல முட்டி, கல்லை மூடிப்போட்டுது.

— அப்ப வருசா வருசம் எங்காடு நடந்து கீழ வருதுங்களா?

— நீங்கல்ல ஓட்டிக்கிட்டு வாரீங்க! மேட்டுல இருந்து பள்ளத்துக்கு நேரா உழுகறீங்க. ஒவ்வொரு சாலும் மழைத்தண்ணிக்கு ஒரு வாய்க்கா.

— எங்கப்பனும் அப்படித்தான் உழுதாரு. மாட்டுக்குச் சுளுவு.

— தண்ணிக்கும் அதுதான் சுளுவு.

— ஐயோ, மணியகாரரு வந்துட்டாரு. பின்னால பாதி ஊரே வருது. நான் என்னத்தைங்க சொல்றது?

— கூப்புட்டது நீங்க. நீங்களே சொல்லுங்க.

— மணியகாரருங்களே! கண்ணாத்தா நங்கை மேல குத்தமில்லைங்க. கல்லு களவு போகல, எங்காட்டு மண்ணுதான் போயிருக்குது. இந்தச் சோளம் அறுத்ததும் சரிவுக்குக் குறுக்க உழுகப்போறேன். நங்கை வரப்பு மாதிரியே நடுக்காட்டுலயும் குறுக்க வரப்புப் போட்டு, மிச்சத்தண்ணி வழிய ஓரத்துல கல்லடுக்கி வாய் விடப்போறேன். தண்ணி நின்னு எறங்கினா, மண்ணும் நிக்குமுங்க.