இல்லாத விண்மீனை இல்லையென்றுரைத்த லீலாபாய் அம்மையாருக்கு

கண்டிப்பில் கனிவே! கனிவில் கண்டிப்பே! அகச்சிவப்புக் கேமராவின் கண்ணைத் துடைத்துத் துலக்கிய தூயவரே! விண்ணொளி ஆய்வுக்கூடத் தலைமைப் பொறியாளர் திருமதி லீலாபாய் தாசையன் அவர்களே! தங்கள் பணிநிறைவு விழாவுக்கு வணங்கி வரவேற்கிறோம்.

பாறசாலையிலிருந்து பஸ் பிடித்து, மழையோ மறியலோ, மணி தவறாது வந்த மாண்பினரே! கண்ணுக்குப் புலப்படாத வெப்ப ஒளியைப் படமாக்கும் நம் கேமராவில் வானம் மட்டுமா தெரிகிறது? குருட்டுப் புள்ளியும் கோடும் கறையுமாய்க் கேமராவின் கோளாறுகளும் கூடவே வந்து குந்திக்கொள்கின்றன. எது வானம், எது வம்பு என்று பிரித்துக் காட்டியவர் தாங்கள்.

சென்ற மார்ச்சில் நம் மாடித் தொலைநோக்கியில் தாங்கள் எடுத்த படத்தில், எந்த அட்டவணையிலும் இல்லாத விண்மீன் ஒன்று மின்னியது. மறுநாளும் அதே இடத்தில் மின்னியது. ஓய்வுபெறும் வேளையில் உலகமே தங்கள் பெயரைச் சொல்லப்போகிறதென்று துள்ளினோம். உலகுக்கு அறிவிக்கத் தந்தியும் எழுதினோம். உதவிப் பொறியாளர் ஸ்ரீகண்டன் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடித் தேங்காயே உடைத்துவிட்டார்.

தாங்களோ, "நில்லும் ஸ்ரீகண்டன்! கேமராவுக்கு மூடியப் போட்டிட்டு ஒரு படம் எடும், பாப்பம்" என்றீர்கள்.

"மேடம், தேங்காய் உடைச்சாச்சே!"

"ஒடச்சது ஒடச்சாச்சு. இது ஒறப்புதானான்னு பாக்கண்டாமா?"

மூடியிட்ட கேமராவிலும் அந்த விண்மீன் மின்னியது! நாள்தோறும் நாம் முதலில் பார்க்கும் பிரகாச விண்மீன், கேமராவின் ஒளியுணரியான டிடெக்டரில் விட்டுச்சென்ற ஒளியின் எச்சம் அது. நம் வழக்கம் மாறாததால் அதுவும் இடம் மாறவில்லை. தங்கள் பெயரைச் சுமக்கவிருந்த விண்மீனைத் தாங்களே அணைத்தீர்கள். தந்தியையும் தங்கள் கையாலேயே கிழித்தீர்கள். ஆயினும் அன்று கொண்ட பெருமையை இக்கூடம் அதற்கு முன் கொண்டதில்லை.

அத்தோடு ஓய்ந்தீர்களா? பிரகாச விண்மீனைப் பார்த்தபின் கேமராவை மூடி, எச்சம் கரையும்வரை வெறும் படங்களாக எடுத்துத் தள்ளும் முறையை வகுத்தீர்கள். இனி இக்கூடத்தில் மூடிப் படம் பார்க்காமல் எவரும் தேங்காய் உடைக்கமாட்டார்!

அம்முறையில் நேற்று எடுத்த மூடிப் படத்தையே இம்மடலுடன் சட்டமிட்டுத் தருகிறோம். எச்சம் ஏதுமின்றி முழுக்கக் கறுப்பு. சட்டம் போட்ட கடைக்காரர், "சாரே, இதில படம் எவிடே?" என்று படத்தைத் தேடித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நோய்நொடி அண்டாது நெடிது வாழ்க, அம்மையீர்! வீட்டுக் கூடத்தில் இதை மாட்டிவையுங்கள். வருவோரெல்லாம் கேட்பார்கள். தலைநிமிர்ந்து சொல்லுங்கள்: இதில் ஒன்றுமே இல்லை என்று.

தங்களால் தலைநிமிர்ந்து நிற்கும்,
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்
திருவனந்தபுரம், 31.5.1989