அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும்

— கையை எடுடா. தட்டை இழுக்காதே. எல்லாரும் பார்க்கிறாங்க.

— பார்க்கட்டும்மா. எந்திரி. தர்மச் சாப்பாட்டுக்கு என் அம்மா தட்டு முன்னாடி உட்கார்ந்திருக்கா, நான் வேடிக்கை பார்க்கணுமா?

— தர்மம் ஒண்ணும் இல்லை. வயசானவங்களுக்குன்னு சர்க்கார் போடற சாப்பாடு. யார்கிட்டயும் கைநீட்ட வேண்டாம். உட்கார்ந்தா அவங்களே பரிமாறுவாங்க.

— எந்தப் பேரு வச்சா என்ன? நம்ம வீட்ல அடுப்பு எரியலையா?

— எரியுது. பானைதான் மாசத்துக்கு மாசம் சின்னதாயிட்டே வருது.

— அப்போ என் பெண்டாட்டி உனக்குச் சரியாப் போடறதில்லை. அதானே?

— அவளைச் சொன்னே, எனக்குக் கெட்ட கோபம் வரும். எனக்குப் போட்டு, பசங்களுக்குப் போட்டு, கடைசியில சொம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு 'வயிறு சரியில்லை அத்தை'ங்கறா. தினமுமா ஒருத்திக்கு வயிறு சரியில்லாமப் போகும்? மத்தியானம் நான் வீட்ல இல்லைன்னா என் பங்கு அவளுக்கு ஆச்சு. சிநேகிதி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்கே வந்துடறேன்.

— நல்ல சிநேகிதி. தெரிஞ்சவன் எவனாவது பார்த்தா என் மானம் என்ன ஆகும்னு யோசிச்சியா?

— யோசிச்சுத்தான் பிள்ளையே இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— என்னது?

— முதல் நாளே அந்தப் பரிமாறுற பொண்ணு கேட்டா, பிள்ளைங்க இருக்காங்களா பெரியம்மான்னு. இருக்கான், பெரிய ஆபீஸ்ல வேலைன்னு சொன்னா, காறித் துப்பறது உன்னையா என்னையா? இல்லைம்மான்னுட்டேன். பெத்த வயிறு எப்படி எரிஞ்சிருக்கும், நீயே நினைச்சுக்கோ.

— நான் செத்துப் போயிட்டேன்னே சொல்லியிருக்கலாம்.

— வாயை அலம்பு. ஆமா, நான் இங்கே வர்றது உனக்கு எப்படித் தெரியும்?

— தெரியாதா? சாப்பாட்டு மணி அடிச்சதும் வர்றே. செருப்பை வாசல்ல விடாம பையில போட்டுக்கறே. நேரா வந்து இந்த ஜன்னலோரம் உட்கார்றே. சாப்பிட்டு முடிச்சதும் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டுப் போறே.

— இதெல்லாம் யார் சொன்னது?

— ஒருத்தன் சொன்னான்.

— செருப்பு வரைக்குமா சொன்னான்? உன் ஆபீஸ் ஊருக்கு அந்தக் கோடியிலதானே இருக்கு? இந்த நேரத்துல இங்கே என்னடா வேலை உனக்கு?

— லீவு போட்டேன்.

— அந்த ஆபீஸ் பையைக் கொடு. என்ன இது, காத்தைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கே? திரும்பு. பேண்ட்ல என்னடா பச்சை? எதிர்த்தாப்புல பூங்கா பெஞ்சுக்கு நேத்துதானே பெயிண்ட் அடிச்சாங்க?

— விடும்மா. எங்கேயோ பட்டுருக்கும்.

— விடாம என்ன பண்றது? வீட்டுக்குக் கொடுக்கற பணம் இளைச்சுக்கிட்டே வருது. உன் பெண்டாட்டி என்கிட்டயே கேட்டா, 'உங்க பிள்ளைக்கு வெளியில வேற யாராவது இருக்காளா அத்தை'ன்னு. நான் என்ன பதில் சொல்ல?

— இருந்தா அவளாவது ஒரு வாய் சோறு போட்டிருப்பா.

— என்ன முணுமுணுக்கறே?

— ஒண்ணுமில்லை. நீ எந்திரி, போகலாம்.

— தலைக்கு மை போடறதையும் விட்டுட்டே. கன்னம் ரெண்டும் ஒட்டிப்போச்சு. ஐம்பதுகூட ஆகலை, என்னைவிடக் கிழவனாட்டம் நிக்கறே. ஏன்டா, உனக்கு ஏதாவது...

— பெரியம்மா, என்ன இங்கே பஞ்சாயத்து? சமையக்கட்டு வரைக்கும் கேட்குது. யாரு இவரு?

— பஞ்சாயத்து இல்லைம்மா. இவன் வந்து... என் தம்பி.

— தம்பியா? அதானே பார்த்தேன், மூக்கு ஒரே அச்சு. ஏன் ஐயா, கூடப் பொறந்தவங்களுக்கு ஒரு வேளை சோறு போட முடியலையா உங்களால?

— அவனை ஒண்ணும் சொல்லாதேம்மா. பாவம், குடும்பஸ்தன்.

— நான் யாரைச் சொல்றேன், என் நாக்கு அப்படி. சரி, சட்டுபுட்டுனு சொல்லுங்க. நிக்கறவங்க இருந்தா எனக்குப் பரிமாற வழியில்லை. வெயிலுக்குப் பயந்துக்கிட்டு பாதிப் பேர் வரலை. அண்டாவுல மிஞ்சினா கொட்டணும். அறுபது தாண்டியிருந்தா ஐயாவுக்கும் ஒரு தட்டு வைக்கறேன்.

— அவனுக்கு எதுக்கும்மா? ஆபீஸ் கேன்டீன்ல மூக்கு முட்டச் சாப்பிடறவன். டிபன் டப்பாகூட வேண்டாம்னுட்டுத்தான் தினம் கிளம்புவான். போடா, உன் மேனேஜர் தேடப்போறார்.

— அவருக்கு வாய் இல்லையா பெரியம்மா? நீங்க சொல்லுங்க ஐயா. அறுபது ஆச்சா?

— ஆச்சும்மா.

— டேய்...

— போன வருஷமே ஆச்சு. காய் இல்லைன்னாலும் பரவாயில்லைம்மா, சோறு மட்டும் கொஞ்சம் கூட வை. நகர்ந்து உட்காரு, அக்கா.