விட்டுப்போன வட்டம்

நாற்பத்தொன்பது வயதாகியும் எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை, சார். பட்டுச் சேலை டிசைனை கிராப் தாளில் கட்டம் கட்டமாக ஏற்றுவது என் வேலை. ஒரு கட்டத்தை விட்டால் தறியில் ஓர் இழை எழும்பாது. பூவுக்கு நடுவே ஓட்டை விழும். காஞ்சிபுரத்தில் எவரை வேண்டுமானாலும் கேளுங்கள், லியாகத் அலி போட்ட கிராப்பில் ஓட்டை கிடையாது.

பூவராகவன் சார் என்னைத் தேடி வந்ததும் அதனால்தான். பழைய வரைபடங்கள் சேர்ப்பவர். அந்தக் காலத்தில் மைசூர் படையும் வெள்ளைக்காரக் கும்பினிப் படையும் மாறி மாறிப் பிடித்த எல்லை நிலங்கள். குன்று, ஏரி, மண்கோட்டை, கிணறு எல்லாம் அதில் இருக்கும். தொட்டாலே உதிரும் அசலைப் பார்த்து நான் நகல் எடுப்பேன். அவர் சட்டம் போட்டு விற்பார்.

ஒன்பது வருஷம். ஒரு நகலையாவது அப்படியே விட்டாரா?

“பாய், எல்லைக் கோட்டக் கொஞ்சம் கெழக்கால தள்ளுபா. வாங்குறவரு மைசூர்க்காரரு. குன்று அவங்க பக்கம் இருந்தா சந்தோஷப்படுவாரு.”

“அசல்ல அப்படி இல்லியே சார்.”

“எவன் அங்க போயி அளந்துக்கினு இருக்கப்போறான்? நீ சேலைக்குப் பூ போடுற ஆளு. சொன்னத வரைப்பா.”

அடுத்த மாதம் வேறொருவருக்காக அதே குன்று கும்பினி பக்கம் வந்தது. மூலையில் பொடி எழுத்தில் என் பெயரைப் போட்டிருந்தேன். பிளேடால் சுரண்டச் சொன்னார். என்னையே சொன்னார். சுரண்டினேன்.

போன மாசியில், மாகறல் தாண்டி ஒரு மண்கோட்டையின் தடயத்தைத் தேடப் போவதாகச் சொன்னார். கையில் எடுத்துப்போக நகல் வேண்டும். “இந்த தபா அச்சு அசலா இருக்கணும், பாய்.” தான் கால் வைக்கும் இடம் என்றதும் அவருக்கு அசல் ஞாபகம் வந்துவிட்டது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுத்துப்போனது.

வரைவதற்கு முன் நானே போய்ப் பார்த்தேன். கோட்டைக்குப் போகும் தடத்தில், அசலில் சின்ன வட்டமாகக் குறித்திருந்த கிணறு அப்படியே இருந்தது. சுற்றுச்சுவர் இல்லை. வாயை வேலிக்காத்தான் முள் மூடியிருந்தது. கல்லைப் போட்டேன். சத்தம் வர நேரமானது.

நகலில் எல்லாவற்றையும் சரியாக வரைந்தேன். ஒரு வட்டத்தை மட்டும் விட்டேன்.

அவர் தனியாகப் போனதாக எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள், சார். நானும் போனேன். “தடம் சரியாத்தான் இருக்குது, பாய்” என்று நகலைப் பார்த்தபடி முன்னால் நடந்தார். ஒன்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. அப்புறம் பத்தடிதான்.

விழுந்ததும் சாகவில்லை. “கயிறு எடுத்தாப்பா” என்று நெடுநேரம் கூப்பிட்டார். பைக்கில் போனால் ஊர் பத்து நிமிஷம். நான், மேலே விழுந்து கிடந்த நகலை எடுத்து மடியில் விரித்து, குரல் வரும் இடத்தைப் பார்த்து வட்டத்தைப் போட்டேன். அவசரப்படவில்லை. மூலையில் என் பெயரையும் எழுதினேன். மை காய்ந்தபோது குரல் இல்லை.

உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அந்த நகல்தான். அங்கே போய் அளந்து பாருங்கள். ஒரு தப்பும் கிடையாது.