ஸ்டெப்னிக் கை

இரவு பதினோரு மணி இருக்கும். கல்குவாரிக்கு மேலே ஏறுகிற பாதை… அந்தப் பக்கம் வீடு கிடையாது, விளக்கு கிடையாது. நடுவில் ஒரு ஓடை. அதில் இறங்கித்தான் ஏற வேண்டும். பாலம் வரும் என்று சொன்னவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தப் பாதையில் ஒரு பழைய ஜீப் தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டியது ஒரு பெண்.

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கத்திச் சொல்லுகிற கதை இல்லை இது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் பெரியம்மாவுக்கு நடந்தது. மேல் ஊருக்கு அவர்தான் நர்ஸ். எல்லாருக்கும் சிஸ்டர். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் சிஸ்டர்.

அதுவரை ஜீப்பை ஓட்டியவர் அவருடைய கணவர். லாரி ஓட்டி அலுத்துப்போய், மனைவியை மேலே கொண்டுபோய்விடுவதற்கென்றே வாங்கிய வண்டி. அவர் ஓட்டுவார், சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வார். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. அவருடைய சட்டைகள் இன்னும் கொடியிலேயே கிடந்தன. எடுத்து மடிக்க சிஸ்டருக்குக் கை வரவில்லை.

ஓடையில் இறங்கி இந்தப் பக்கம் ஏறும்போது… 'கடக்'. பிறகு, 'கிர்ர்ர்ர்…' என்று பின்னால் ஒரு இழுவை.

நிறுத்திவிட்டு டார்ச்சோடு இறங்கினார். பின்பம்பர் ஒரு முனை பிய்ந்து கல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரன் போட்ட தகரம். தாழ்வாக இருக்கும். ஓடையில் ஏறும்போதெல்லாம் வால் இடிக்கும். பையிலிருந்து கட்டுத்துணியை எடுத்து, மண்டியிட்டு, கை ஒடிந்தவனுக்குத் தூளி கட்டுகிற மாதிரி கட்டினார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பெட்ரோல்… அதன் மேலே சோப்பு. வண்டி வேலை முடித்துவிட்டு முதலில் பெட்ரோலில் கை கழுவி, பிறகு சோப்புப் போட்டாலும் போகாமல் மிச்சம் இருக்குமே, அந்த வாசனை. டாங்க் ஒழுகுகிறதோ என்று குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

முதுகுக்குப் பின்னால், ரொம்பக் கிட்டத்தில்…

"ப்ச்."

அவ்வளவுதான். ஓடைத் தண்ணீர் கல்லில் பட்ட சத்தமாகவும் இருக்கலாம். ஆனால் இத்தனை வருஷமும் பம்பர் இடிக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் கேட்ட 'ப்ச்' அது. சிஸ்டருக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"தெரியும். தொங்குதுன்னு தெரியும். பேசாம இருங்க," என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

மறுநாளே வெல்டர் பட்டறை. அந்த வெல்டருக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். ஆனால் சிஸ்டரிடம் அது செல்லாது. மழை இறங்கிய பிறகு ஓடையைத் தாண்ட முடியாத வண்டி என்றால், மேல் ஊர் சுகாதார நிலையத்தைப் பூட்டிவிட்டு அவரைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவதாக மேலதிகாரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். பூட்டினால் மேலே இருப்பவர்களுக்கு யாரும் கிடையாது. சிஸ்டருக்கும் வேறு எதுவும் கிடையாது.

"ரெடிமேடா ஒண்ணு வந்திருக்கு சிஸ்டர், பாருங்க, என்ன பளபளப்பு!"

"அது அகலம். இடுப்பு பெருத்தவன் சட்டை. எனக்கு எதுக்கு?"

"அப்ப குழாய்ல வளைச்சுத் தரேன். லேசா இருக்கும்."

"ஒரு கல்லு பட்டா நசுங்கிடும்."

"தகடுதான் வேணும்னா கனமா இருக்குமே…"

"இருக்கட்டும். ரெண்டு முனையும் மேல் நோக்கிச் சாய்வா வெட்டிடுங்க, கல்லு உரசக் கூடாது. வண்டி மாட்டிக்கிட்டா கயிறு எங்க கட்டுறது?"

"அதுக்கு ஒரு கொக்கியை வண்டிச் சட்டத்தோட சேர்த்து போல்ட் போட்டுத் தரேன். பம்பர்ல கட்டி இழுத்தா பம்பர்தான் வரும், வண்டி வராது." சிரித்துவிட்டு, வெல்டர் கொஞ்சம் தயங்கினார். "அப்புறம்… ஸ்டெப்னிக்கு ஒரு கை வெச்சுடலாமா? உங்க வீட்டுக்காரர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தாரு."

"வேண்டாம்."

இந்த இடம் உங்களுக்குப் புரிய வேண்டும். ஸ்டெப்னிச் சக்கரம் ஜீப்பின் பின்கதவில் மாட்டியிருந்தது. அந்தக் கனத்தில் கதவு தொங்குகிறது, கீல் விட்டுவிடும், ஆகவே பம்பரின் வலது மூலையில் ஒரு முளை வைத்து, சக்கரத்தை ஒரு இரும்புக் கையில் மாட்டி, மறுமுனையில் பிடி வைத்த பூட்டுப் போட்டு, கேட் மாதிரி திறந்து மூடலாம் என்பது கணவரின் கட்சி. அப்படியானால் முதலில் கையைத் திறக்க வேண்டும், அப்புறம் கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஏற்ற வேண்டியவள் வலியில் துடிப்பாள், இருப்பது இரண்டே கை என்பது சிஸ்டரின் கட்சி. இதற்காக இருவரும் சாப்பிடாமல்கூடப் படுத்திருக்கிறார்கள். கடைசி வாரம் பேசிக்கொண்டதும் அதைப் பற்றித்தான். பேசியது என்ன… கத்தியது.

கை இல்லாமலே பம்பர் தயாரானது. கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்தார் வெல்டர். மறுநாள் வந்து பார்த்தால் முழுக்கக் காய்ந்திருந்தது, வலது மூலையைத் தவிர. அங்கே ஒரு டம்ளர் வாய் அளவுக்கு வட்டமாக, பெயின்ட் ஈரமாகவே பிசுபிசுத்தது.

"எண்ணெய் பட்டிருக்கும் சிஸ்டர். நாளைக்கு…"

தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி எல்லாம் காய்ந்தது. அந்த வட்டம் காயவில்லை. வெயிலில் வைத்தார்கள். விளக்கைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வேறு டப்பா உடைத்துப் பார்த்தார்கள். தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டியது. விரலை முகர்ந்தால் பெயின்ட் வாசனை வரவில்லை. பெட்ரோல்… மேலே சோப்பு.

சிஸ்டர் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி வந்தான். அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு எரிச்சலூட்டுவதில் அவனுக்கு ஈடு கிடையாது.

"வித்துத் தொலைக்கா. மாமா மாதிரியே இதுவும் பிடிவாதம் பண்ணுது."

"ரெண்டையும் நீ கட்டி மேய்க்கலையே. பேசாத."

"ஒரு பெயின்ட் காய மாட்டேங்குது, இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் பட்டறையில நிக்கிற. மழை வந்துடுச்சுன்னா எப்படியும் கீழ வரப்போற. இப்பவே வந்துடேன்."

"டேய், காபி குடிச்சாச்சுல்ல? கிளம்பு."

அவன் கிளம்பினான். போகிற போக்கில், ஏதோ சொல்ல வேண்டுமே என்று, ஜீப்பின் பின்கதவைத் திறந்து பார்த்தான். 'டங்' என்று ஒரு சத்தம். கீல் விட்டது. கதவோடு சக்கரமும் சரிந்து, அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. தம்பி வெளுத்துப்போய் நின்றான்.

சிஸ்டர் அவனைப் பார்க்கவில்லை. கதவு இருந்த இடத்தில் இப்போது இருந்த ஓட்டையைப் பார்த்தார். பெட்ரோலும் சோப்பும் தெருவெல்லாம் மணத்தது. தம்பிக்கு அந்த வாசனையே தெரியவில்லை.

"ஜெயிச்சிட்டீங்க," என்றார் சிஸ்டர். "திருப்தியா? உயிரோட இருக்கும்போதும் விடல, இப்பவும் விடல. நான் ஒருத்தி தனியா என்ன பண்ணுவேன்னு ஒரு தடவையாவது நினைச்சுப் பாத்தீங்களா?"

"அக்கா… யார்கிட்ட பேசுற?"

"உங்க மாமாகிட்ட. வேற யார்கிட்ட இப்படித் தொண்டைத் தண்ணி வத்த வேண்டியிருக்கு எனக்கு?"

அன்று மாலையே வெல்டரிடம் போய், கை வைக்கச் சொன்னார். வலது மூலையில், காயாத அந்த வட்டத்தின் மேலேயே முளையை வைத்து வெல்டர் பற்றவைத்தார். கதவுக்குப் புதுக் கீல். முழுக்க மறுபடி பெயின்ட் அடித்தார்கள். இந்தத் தடவை காய்ந்தது. ஒரே ராத்திரியில், எல்லா இடமும், சமமாக.

காலையில் வானம் கறுத்தது. வெல்டர் அடுத்த ஊரில் மாதக்கணக்கில் தங்கிச் செய்கிற வேலைக்குப் போயிருந்தார். மேலே ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருக்கிறது என்று ஆள் வந்து நின்றான். சிஸ்டர் பட்டறைக் காவல்காரரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவு. இறங்கியது… ஏறியது. கல் உரசவில்லை. பின்னால் 'ப்ச்' கேட்கவில்லை.

அன்று இரவே அந்தப் பெண்ணைக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. அவளுடைய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பையை எடுத்துக்கொண்டு சேற்றில் பின்பக்கம் ஓடினார் சிஸ்டர். கை திறந்திருந்தது. கதவும் திறந்திருந்தது. பெண்ணின் அண்ணன்களும் மாமாவும் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நல்லவேளை, திறந்து வெச்சீங்க," என்றார் சிஸ்டர். மழையில் யார் காதிலும் விழவில்லை.

குழந்தை பிழைத்தது. தாயும் பிழைத்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான். காய்ச்சலில் நினைவு தப்பிய கிழவர், மரம் விழுந்து இடுப்பு ஒடிந்தவன், இன்னும் இரண்டு பிரசவம். சிஸ்டர் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் வருவதற்குள் கை திறந்து நிற்கும். ஏற்றிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தால், பின்னால் 'டக்' என்று பூட்டுகிற சத்தம் கேட்கும். நோயாளியோடு வருகிறவர்கள் நல்ல மாதிரி, சொல்லாமலே செய்கிறார்கள் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். கூட வருகிறவர்கள், இந்த ஜீப்பில் ஏதோ பட்டன் இருக்கிறது போல, சிஸ்டர் அழுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

மேலதிகாரி ஒரு தடவை வந்து பார்த்தார். நிலையம் இயங்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் ஓடையைத் தாண்டி வந்தது சிஸ்டரின் ஜீப்பில்தான்.

மழை ஓய்கிற நேரத்தில், ஒரு சாயங்காலம், வெல்டர் வீட்டுக்கு ஓடி வந்தார். கையில் கிரைண்டர், தோளில் வயர்ச் சுருள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"சிஸ்டர், மன்னிச்சுடுங்க. இன்னைக்குத்தான் அடுத்த ஊர்லேர்ந்து வந்தேன். வந்ததும் ஞாபகம் வந்துடுச்சு. இத்தனை நாள் எவ்வளவு கஷ்டப்பட்டீங்களோ…"

"என்ன ஞாபகம்? உட்காருங்க முதல்ல."

"அந்தக் கை, சிஸ்டர். பெயின்ட் காயிற வரைக்கும் ஆடக் கூடாதுன்னு, கையையும் பம்பரையும் சேர்த்து நாலு இடத்துல புள்ளி வெல்டிங் வெச்சிருந்தேன். காஞ்சதும் வெட்டி விடணும். நீங்க அவசரமா எடுத்துட்டுப் போயிட்டீங்க. நானும் மறந்துட்டேன். பூட்டை எடுத்தாலும் அது திறக்காதே… பின்பக்கம் யாரையும் ஏத்தவே முடிஞ்சிருக்காதே!"

சிஸ்டர் அவரையே பார்த்தார்.

"தினம் திறக்குதே."

"அப்ப புள்ளி விட்டுப்போயிருக்கும். சரியா வைக்கல போல," என்றார் வெல்டர், பாதி நிம்மதியாக, பாதி அவமானமாக.

இருவரும் வெளியே வந்தார்கள். தூறல். வெல்டர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைப் பிடித்து இழுத்தார். மொத்த ஜீப்பும் ஆடியது; கை அசையவில்லை. சிஸ்டர் வீட்டுக் கடப்பாரையை நுழைத்து எம்பினார். அசையவில்லை.

"சிஸ்டர்… நாலும் அப்படியே இருக்கு. மேல அடிச்ச பெயின்ட்டுலகூட ஒரு கீறல் இல்ல."

சிஸ்டர் குனிந்தார். கட்டைவிரல் நகம் அளவில் நான்கு மேடுகள். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். முழுசாக இருந்தன. வழவழவென்று கறுப்பாக, ஆரம்பத்திலிருந்தே ஒரே இரும்பாக வார்த்த மாதிரி.

ஒருமுறையாவது தன் கையால் இதைத் திறந்திருக்கிறோமா என்று யோசித்தார். நினைவுக்கு வந்ததெல்லாம் திறந்து நின்ற கைதான்.

வெல்டர் வயர்ச் சுருளைப் பிரித்தார். "வெட்டி விட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம்."

"என்ன சிஸ்டர்?"

"வெட்டாதீங்க." அவர் குரலில் பழைய எரிச்சல் திரும்பி வந்திருந்தது, ஆனால் கண் நிறைந்திருந்தது. "வெட்டிட்டீங்கன்னா அப்புறம் நான்தானே திறக்கணும்? பிடிவாதமா வைக்கச் சொன்னவரே பாத்துக்கட்டும்."

வெல்டர் கிரைண்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது டார்ச் வெளிச்சம் பூட்டின் பிடிமேல் ஒரு தடவை விழுந்தது. அவர் நின்றுவிட்டார்.

பிடியில் அடித்திருந்த கறுப்பு பெயின்ட், ஒரு உள்ளங்கையும் நான்கு விரலும் பற்றுகிற அளவுக்கு மட்டும் தேய்ந்து… உள்ளே இரும்பு வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.