இரண்டாவது கோடு

எனக்கு அவசரம் பிடிக்காது, ஐயா. அதனால்தான் காசநோய்க் கிருமியோடு இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்ட முடிந்தது. வளர்ப்புத் தட்டில் அது ஒரு புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியவே மூன்று வாரம் பிடிக்கும்.

என் தங்கையின் கணவரும் அதே ஆய்வுக்கூடம்தான். கிருமியிலிருந்து நோய் தரும் மரபணுவை நீக்கி, அதைத் தடுப்பூசியாக்குவது அவர் வேலை. உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. சில சமயம் நாம் அனுப்பிய மாற்று மரபணு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். நோய் தரும் பழையதும் இடத்தைக் காலி செய்யாது. முதல் சோதனையில் இது தெரியாது. இரண்டாவது சோதனையில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு விழும். அப்படி விழுந்தால் கிருமி இன்னும் ஆளைக் கொல்லும் என்று அர்த்தம்.

இரண்டு விழுந்தது. ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காரணம் கேட்டீர்கள். அதற்கு முந்தின வாரம் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மச்சான் பாடு கொண்டாட்டம். நாங்க மண்டையை உடைச்சுக்கணும், அவர் கோடு எண்ணினாப் போதும்" என்றார் மாப்பிள்ளை. தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். மனதில் சுருக்கென்றது, மறைப்பானேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தடுப்பூசியை உருவாக்கியவர்தான் முதல் ஊசி போட்டுக்கொள்வார். அவரோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஊசி போடும் அன்று பார்க்க வந்த தங்கை, அவருக்குப் போட்டு முடித்ததும் தன் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"எனக்கும் போடுங்க சிஸ்டர். எங்க அண்ணன் பார்த்து அனுப்பினது, தப்பு இருக்காது."

நர்ஸ் என்னைப் பார்த்தார். தலையசைத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள், ஏட்டைப் புரட்டுவார்கள், இத்தனை வருடம் எடுத்த பெயர் போய்விடும். பஞ்சை அவள் கையில் அழுத்திப் பிடித்தது நான்தான்.

இருமலும் காய்ச்சலும் இருவருக்கும் ஒன்றாகவே வந்தன. "டாக்டர்கிட்ட போகட்டுமா அண்ணா?" என்று போனில் கேட்டாள். "ஊசி பிடிச்சிருக்கும்மா, அப்படித்தான் இருக்கும். பயப்படாதே" என்றேன். மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் அதையே சொன்னேன். மாப்பிள்ளையும் என் கையெழுத்தை நம்பி, ஊசியின் வேலை என்றே இருந்துவிட்டார். அவர் ஐந்தாவது மாதம் போனார். அவள் ஏழாவது மாதம்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவளுக்கு என் மேல் இருந்த நம்பிக்கையை நான் கடைசி வரை கெடுக்கவில்லை.