குளோரின் அறையில் சீட்டி

எனக்குச் சீட்டி அடிக்க வராது. உதட்டை எப்படிக் குவித்தாலும் வெறும் காற்றுதான் வரும். "மேடையில இவ்வளவு நேரம் முழங்குற வாய்க்கு ஒரு சீட்டி வரலையே மச்சான்" என்று என் தங்கை கணவர் கேலி செய்வார். அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

குடிநீர் நிலையத்தில் சீட்டி எதற்கு என்று, விசாரணை அதிகாரியான உங்களுக்குத் தெரிய வேண்டும். குளோரின் அறையில் வாயு கசிந்தால் அலற வேண்டிய அலாரம் பழுதாகி வெகுகாலம் ஆகிறது. அதனால் உள்ளே சிலிண்டர் மாற்றுகிறவர் சீட்டி அடித்துக்கொண்டே வேலை செய்வார். வெளியே பெஞ்சில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சீட்டி நின்றால் இவர் ஓடிப் போய் ஆளை இழுத்து வர வேண்டும். இருப்பது ஒரே முகமூடி. அது வெளியே இருப்பவருக்கு. இப்படித்தான் எல்லாரும் இதுநாள்வரை வீடு போய்ச் சேர்ந்தோம்.

பொறியாளர் உங்களிடம் சொன்னது உண்மைதான். அவர் மேல் பழி விழ வேண்டாம், அவரும் அரசு ஊழியர். பேச்சுவார்த்தையில் "அலாரத்த இந்த வாரமே மாட்டிடுறோம் தலைவரே" என்றார். நான்தான் பொறுக்கச் சொன்னேன். ஒரு அலாரத்தை மாட்டிக் கண்துடைப்பு செய்துவிட்டு, ஊழியர் பாதுகாப்பு மசோதாவைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். சட்டமன்றக் குழு பார்வையிட வருகிறது, பழுதைக் கண்ணால் பார்க்கட்டும் என்றேன். சங்கத் தலைவன் வேறு எப்படி யோசிப்பான்?

"நீங்க சொன்னா சரி மச்சான்" என்றார் எங்கள் நிலையத்தில் சிலிண்டர் மாற்றுகிற மாப்பிள்ளை. தங்கைக்குத்தான் மனசே இல்லை.

"உன் சட்டம் வர்றதுக்குள்ள இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அண்ணா?"

"நான் இருக்கேன்ல" என்றேன்.

குழு வருவதாக இருந்த அன்று, பெஞ்சில் இருந்த உதவியாளரை நான்தான் சாப்பிட அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் உட்கார்ந்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். மாப்பிள்ளை உள்ளே ஏதோ கல்யாணப் பாட்டைச் சீட்டியில் இழுத்துக்கொண்டிருந்தார். குழுத் தலைவர் போனில் வந்தார். அவர்கள் வரவில்லையாம், மசோதா அடுத்த கூட்டத்தொடருக்குப் போகிறதாம். கெஞ்சினேன். அவர் தன்மையாகத்தான் கேட்டார், "இதுவரைக்கும் யாருக்காவது ஏதாவது ஆயிருக்கா?" இல்லை என்றேன். வேறென்ன சொல்வது?

மசோதா நடந்துகொண்டிருந்த கூட்டத்தொடரிலேயே நிறைவேறியது. எல்லாக் கட்சியினரும் எழுந்து நின்று மாப்பிள்ளைக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். இனி எந்த நிலையத்திலும் யாரும் சீட்டி அடிக்க வேண்டியதில்லை. எத்தனை குடும்பம் நிம்மதியாகத் தூங்கும், யோசித்துப் பாருங்கள். எனக்கும் துக்கம் இல்லாமல் இல்லை.

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவர் சீட்டி அடிக்கலையா அண்ணா?"

"மறந்துட்டார் போலம்மா."

அன்றிலிருந்து அவள் அவரையே திட்டித் திட்டி அழுகிறாள்.

நீங்கள் கேட்டது அலாரத்தைப் பற்றி மட்டும்தான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவர் மறக்கவில்லை. நான் போனை வைத்துச் சற்று நேரத்தில் சீட்டி பாதிப் பாட்டில் நின்றது. எழுந்தேன். முகமூடி கைக்கெட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. உள்ளேயிருந்து "மச்சான்" என்று ஒரு தடவை கேட்டது. நான் திரும்ப பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தங்கைக்கு மட்டும் தெரிய வேண்டாம். பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?