துருப்பிடிக்காத வளையம்

மெழுகுதிரியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த ஐஸ் மழை நிற்காமல் கரண்ட் வராது. அதுவரைக்கும் கதைதான். பேனாட், சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்து முடி. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் உள் அறைக்குப் போகலாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்... உண்மையாகவே போகலாம்.

இது டினோஜனின் அத்தானுக்கு நடந்தது. டினோஜனை உங்களுக்குத் தெரியும், லாசாலில் பழைய இரும்பு வாங்குகிற யார்டில் நிற்கிறவன். அவனுடைய அக்கா சுதாஜினியைக் கட்டியவன் துஷாந்தன். மட்டக்களப்புக்காரன். விடிய விடிய ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குவான். ஞாயிறு வந்தால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுவான். சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு, இவனுக்கு இது.

நவம்பர் முதல் ஞாயிறு. மாலை ஐந்து மணி. இல்-பிசார் தீவின் வடக்குக் கரை.

அன்றுதான் குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய நாள். எவ்வளவு கெதியாக இருட்டும் என்பதைத் துஷாந்தன் மறந்துபோனான். அக்கரை லவாலுக்குக் கார் ஏற்றுகிற படகு அந்த வருசத்துக்கு நின்றுவிட்டது. துறைக்குப் போகிற வீதியில் ஒரு மனிதர் இல்லை. இரண்டு பக்கமும் இலை கொட்டின மரம். ஆற்றில் தண்ணீர் வற்றி, கோடையில் தெரியாத கரையெல்லாம் வெளியே கிடந்தது. சேறு... அழுகின இலை... அந்த மணம்தான்.

டிடெக்டருக்கு ஒரு பாசை உண்டு. அதன் அடியிலுள்ள வட்டத் தட்டைத் தரைக்கு மேலே ஆட்டிக்கொண்டு போக வேண்டும். கீழே இரும்பென்றால் அது உறுமும். வெள்ளியென்றால் மெல்லிய மணி மாதிரி... டீங். துஷாந்தன் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்லுவான்.

அன்று முழுக்க உறுமல்தான். ஆணி, கம்பி, சோடா மூடி. போதும், வீட்டுக்குப் போவோம் என்று திரும்பினபோது...

டீங்.

சுத்தமான சத்தம். வெள்ளியேதான். சின்ன மண்வெட்டியால் தோண்டினான். ஒரு சாண் ஆழத்தில் ஒரு வளையம் வந்தது. பிள்ளைக்குக் காப்பென்றால் பெரிது, பெரிய ஆட்களுக்கென்றால் சிறிது. விரல் தடிப்பு. சாம்பல் நிறம். ஓரத்தில் மூன்றோ நான்கோ சின்னப் பள்ளங்கள். ஆற்றில் கழுவி மூக்கருகே பிடித்துப் பார்த்தான். அது அவனுடைய பழக்கம். செம்புக்கு ஒரு மணம், பித்தளைக்கு ஒரு மணம்.

இதில் புளித்த பால் மணத்தது.

கொண்டுபோய்க் காரில் வைத்தான். அப்போதுதான் மண்வெட்டியை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. டிடெக்டர் கையில்தான். நிற்பாட்டவில்லை. போகும்போது சத்தமில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கிறான்...

டீங்.

நின்றான். தட்டை முன்னால் ஆட்டினான். ஒன்றுமில்லை. ஓரடி வைத்தான். டீங். இன்னோரடி. டீங். வளையம் காரில் இருக்கிறது. சட்டைப் பையில் கார்த் திறப்புகூட இல்லை, அதுவும் காரிலேயே. தட்டை மெல்லப் பின்பக்கம் கொண்டுபோனான். தரையில் இல்லை. தரைக்கு மேலே, வெறும் காற்றில், அவனுடைய முழங்காலுக்குக் கீழே... அங்கேதான் அது அடித்தது. நகர்ந்தால் கூடவே நகர்ந்தது.

மேலே மின்சாரக் கம்பி போகிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே சொன்னான். சொல்லிக்கொண்டே ஓடினான்.

இனி வீட்டுக் கதை. பார்க்-எக்ஸ்டென்ஷனில் இரண்டாம் மாடி. சுதாவுக்கு இரண்டு வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கின பிள்ளை. ஆண் பிள்ளை. எல்லோரும் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைப்பெற்ற துடக்குக் கழிந்து கொஞ்ச நாள்தான். இரவில் ஓயாத அழுகை. அவர்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பிள்ளைதான் உலகம். அது தும்மினால்கூட இருவரும் எழும்பி உட்கார்ந்துவிடுவார்கள்.

மேல்மாடி குணேஸ்வரி அக்காதான் முதலில் சொன்னது.

"இஞ்ச பார் புள்ள, பிள்ளைப்பெத்த வீட்டில இரும்பு இல்லாம இருக்கப்படாது. தலைமாட்டில ஒரு துண்டு இரும்பு வை. பேய் பிசாசு ஒண்டும் கிட்ட வராது."

ஊரிலே பாக்குவெட்டி வைப்பார்கள். இங்கே பாக்குவெட்டிக்கு எங்கே போவது? சுதா ஊரிலிருந்து கொண்டுவந்த மீன் கத்தியைத் துணியில் சுற்றித் தொட்டிலின் மெத்தைக்கடியில் வைத்தாள். கறுத்த இரும்பு, நல்ல கத்தி. வைத்த மூன்றாம் நாள் பிள்ளையின் எடை பார்க்க நேர்ஸ் வந்தாள். மெத்தையைத் தூக்கினாள். கத்தியைப் பார்த்தாள். பிரெஞ்சில் ஒரு கேள்விதான் கேட்டாள், ஆனால் பார்த்த பார்வை... அரசாங்கத்துக்காரர் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று இருவரும் பயந்துபோனார்கள். கத்தி சமைக்கிற குசினிக்கே திரும்பிப் போனது.

அப்போ இரும்பு வேண்டும். பார்த்தால் கத்தி மாதிரி இருக்கக்கூடாது.

அந்த ஞாயிறு இரவு துஷாந்தன் வளையத்தைக் குசினி மேசையில் வைத்தான். பிரிட்ஜில் ஒட்டியிருந்த, நயாகராப் படம் போட்ட காந்தத்தைக் கழற்றிக் கிட்டக் கொண்டுபோனான். டக்கென்று ஒட்டியது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது.

"என்னப்பா, வெள்ளியோ?" என்று சுதா கேட்டாள்.

"இல்லை. இரும்பு."

"இரும்பெண்டால் நல்லதுதானே. தாங்கோ."

நான் இந்த இடத்தில்தான் அவனை மன்னிக்க மாட்டேன். அவனுக்குத் தெரியும். இரும்பென்றால் டிடெக்டர் உறுமியிருக்க வேண்டும். இரும்பென்றால் அத்தனை காலம் சேற்றுக்குள் கிடந்ததற்குத் துருப்பிடித்திருக்க வேண்டும். அதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. மேசையில் தட்டிப் பார்த்தான். எந்த உலோகமும் தட்டினால் ஒரு குரல் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வேண்டியது இரும்பு, காந்தம் இரும்பு என்று சொல்லிவிட்டது. அதற்கு மேல் அவன் கேட்கவில்லை.

வளையம் மெத்தைக்கடியில் போனது.

அன்று இரவு பிள்ளை அழவில்லை.

அடுத்த இரவும் அழவில்லை. இரண்டு பேரும் செத்த பிணம் மாதிரி நித்திரை கொண்டார்கள். சுதா மேல்மாடிக்குப் போய்க் குணேஸ்வரி அக்காவுக்குக் கேசரி கொடுத்துவிட்டு வந்தாள். அவ்வளவு சந்தோசம்.

ஒரு கிழமை, ஏழு நாள் போனது... பிள்ளை பகலிலும் அழவில்லை. பாலுக்கும் அழவில்லை. நெஞ்சில் வைத்தால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிவிடும். பசியில்லாத பிள்ளை மாதிரி. கண்ணைத் திறந்து கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கும். நேர்ஸ் வந்து தராசில் போட்டாள். எடை குறைந்திருந்தது. இன்னும் குறைந்தால் ஆஸ்பத்திரிதான் என்றாள்.

அன்று இரவுதான் துஷாந்தனுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

கடக்...

கல்கண்டு கடிக்கிற சத்தம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு... கடக்... கடக்... ஆறுதலாக, ருசித்துக் கடிக்கிற மாதிரி. எழும்பித் தொட்டிலைப் பார்த்தான். பிள்ளை வாயை மூடிக்கொண்டு நித்திரை. எலியாக்கும் என்று மெத்தையைத் தூக்கினான். வளையம்தான் இருந்தது. கையில் எடுத்தான். ஈரம்.

மணத்துப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது என்ன மணமென்று.

அடுத்த நாள் மத்தியானமே லாசாலுக்குப் போனான். டினோஜனின் யார்டில் பிஸ்டல் துவக்கு மாதிரி ஒரு சாமான் இருக்கிறது. எதிலே வைத்து அமத்தினாலும் அதற்குள் என்ன என்ன இருக்கிறதென்று திரையில் காட்டும். இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று. டினோஜன் வளையத்தில் வைத்து அமத்தினான். திரையைப் பார்த்தான். துடைத்துவிட்டுத் திரும்பவும் அமத்தினான். பிறகு பக்கத்தில் கிடந்த தண்டவாளத் துண்டில் வைத்துப் பார்த்தான். அதற்குச் சரியாக இரும்பென்று காட்டியது.

"அத்தான், இதை எங்க எடுத்தனீங்க?"

"ஏன்? இரும்புதானே?"

"இதில இரும்பே இல்லை. வெள்ளியும் இல்லை. ஒரு உலோகமும் இல்லை." டினோஜன் குரலைத் தாழ்த்தினான். "கல்சியமும் பொஸ்பரசும்தான் காட்டுது. ஒருக்கா யார்டுக்குள்ள செத்த நாயின்ர எலும்பு ஒண்டு கிடந்தது, விளையாட்டுக்கு அமத்திப் பார்த்தனான். இப்பிடித்தான் காட்டினது."

"விசர்க் கதை கதையாத. எலும்பு காந்தத்தில ஒட்டுமோ?"

டினோஜன் காந்தமொன்றை நீட்டினான். டக்கென்று ஒட்டியது.

டினோஜன் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது பல்லு முளைக்கேக்க குழந்தைப்பிள்ளையள் கடிக்க, கையில குடுக்கிற வளையம் அத்தான். அந்தக் காலத்துச் சாமான். இஞ்ச பாருங்கோ, பல்லு அடையாளம்."

துஷாந்தன் எட்டிப் பார்த்தான். ஆற்றங்கரையில் எடுத்தபோது மூன்றோ நான்கோ பள்ளம். இப்போது சுற்றிவர இருந்தது. ஓரத்தில், உள்பக்கத்தில், இடமில்லாமல் ஒன்றுக்கு மேல் ஒன்று.

அவனுடைய பிள்ளைக்குப் பல்லே இல்லை.

டினோஜனையும் ஏற்றிக்கொண்டு நேரே இல்-பிசாருக்கு விட்டான். படகுத்துறையின் விளிம்பில் நின்று, தோள் கழன்று போகிற மாதிரி வீசி எறிந்தான். நடு ஆற்றில் தொப்பென்று விழுந்ததை இருவரும் கண்ணால் கண்டார்கள். டினோஜன் கும்பிட்டான். துஷாந்தன் அழுதான். தன் கையாலேயே கொண்டுவந்து பிள்ளையின் தலைமாட்டில் வைத்தேனே என்று அந்தத் துறையிலேயே நின்று அழுதான். திரும்பிக் காருக்கு நடந்தார்கள். அன்று டிடெக்டர் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தால்... சரி, விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மீன் கத்தியை எடுத்துப் பழைய துணியில் இறுக்கச் சுற்றினான். நேர்ஸ் என்ன சொன்னாலும் சொல்லட்டும். உண்மையான இரும்பு அதுதான். மெத்தைக்கடியில் வைத்தான். வைத்துக் கையை எடுக்கவில்லை...

பிள்ளை வீரிட்டு அழுதது.

எத்தனை நாளுக்குப் பிறகு! சுதா ஓடிவந்து தூக்கினாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தம்பி நெஞ்சைக் கவ்விப் பால் குடித்தான். மற்றப் பக்கமும் குடித்தான். வாயோரம் வழிய வழியக் குடித்தான். "வந்திட்டான் என்ர பிள்ளை," என்று சுதா திரும்பத் திரும்பச் சொன்னாள். டினோஜனும் அன்று அங்கேயே சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் படுத்தான்.

நடு இரவில் ஒரே ஒருக்கா ஏதோ சத்தம் கேட்டு டினோஜன் கண்ணை விழித்தானாம். ஹீட்டர் குழாய் சுடும்போது கடகடக்கும்தானே, அதாக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டான்.

விடிந்தது. பிள்ளை எழும்பிச் சிரித்துக்கொண்டு கிடந்தது. கன்னத்தில் நிறம் வந்திருந்தது. துஷாந்தன் கத்தி கிடக்கிறதா என்று மெத்தையைத் தூக்கிப் பார்த்தான். கிடந்தது. சுற்றின துணி சுற்றினபடியே இருந்தது. ஆனால் தொப்பலாக நனைந்திருந்தது. புளித்த பால்...

அவிழ்த்தான்.

கத்தியின் வெட்டுகிற வாய் நேராக இல்லை. நுனியிலிருந்து பிடி வரைக்கும் சின்னச் சின்னப் பள்ளங்கள். வரிசையாக.

அந்த நேரம் பார்த்துச் சுதா கூப்பிட்டாள். பிள்ளையின் வாயைத் துடைக்கிறதுக்கு ஈரத்துணியோடு நின்றாள்.

"இஞ்சருங்கோ... தம்பியின்ர நாக்கில என்ன இது? கறுப்பாய், தூள் மாதிரி?"

துஷாந்தன் குசினிக்குப் போய் நயாகராக் காந்தத்தை எடுத்துவந்தான். பிள்ளையின் வாயருகே பிடித்தான். பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தது. நாக்கை நீட்டியது.

தூள் எழும்பி வந்து காந்தத்தில் ஒட்டியது.

இந்த முறை பிழையில்லை. அது இரும்புதான்.